தடியும் நூலும்

எனக்குக் கல்யாணம் ஆகிச் சிவகாசிக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கும் வேலையில் இருந்தார். ஆர்டர் பிடிப்பது என்றால் ஊர் ஊராகப் போவது. கான்பூர், பாட்னா, கல்கத்தா என்று நான் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டிய படத்தில் மட்டும் பார்த்திருந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாகப் போய் வருவார். பொங்கல் கழிந்து கிளம்பினால் சித்திரை வெயிலுக்குத் திரும்புவார். ஆடியில் மறுபடி கிளம்பினால் தீபாவளியெல்லாம் முடிந்து கார்த்திகையில்தான் வருவார். ஊருக்கே தீபாவளியை விற்கிறவர், ஒரு தீபாவளிக்கும் வீட்டில் இருந்ததில்லை.

மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் மூத்த மகனோடு எம். புதுப்பட்டியில் இருந்தார். எங்களுக்குச் சிவகாசியில் ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை. முன்கட்டில் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம். அவர் ஓர் அச்சகத்தில் கணக்கப்பிள்ளை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் பிள்ளைகள் நிறைய. எங்களுக்கு இல்லை. அதனால் முன்கட்டிலிருந்து பகல் முழுக்கச் சத்தம் வரும், பின்கட்டில் நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காலையில் சோறு வடித்தால் ராத்திரிக்கும் அதுதான். ஒருத்திக்கு எதற்கு இரண்டு வேளை அடுப்பு மூட்டுவது? மத்தியானத்தில் நாரணாபுரம் பக்கமிருந்து வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் வரும். யாரோ நம்மைக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வேன்.

நான் விருதுநகர்க்காரி. அங்கே மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தேன். படிப்பில் சுமார்தான். ஆனால் சித்திரம் நன்றாக வரும் என்று சர்க்கார் டிராயிங் பரீட்சைக்கு அனுப்பினார்கள், பாஸானேன். அதற்குப் பிறகு அந்தக் கை எதற்கும் பயன்படவில்லை.

கல்யாணமான மறுவருஷம் அவர் கல்கத்தாவிலிருந்து எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்தார். அவர் எனக்கென்று வாங்கிய முதல் சாமான். சென்ட் கொஞ்ச நாளில் காற்றோடு போய்விட்டது. அது வந்த அட்டைப் பெட்டி மட்டும் அலமாரியில் இருந்தது. வெள்ளை அட்டை. நடுவில் கறுப்பில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை. வேறு படமோ பூவோ கிடையாது. நம்மூர்ப் பெட்டிகளில் கிளியும் மயிலும் சாமியும் இடித்துக்கொண்டு நிற்கும். இதில் எழுத்து மட்டும் நின்றது.

அவர் ஊரில் இல்லாத ஒரு மத்தியானம் அந்தப் பெட்டியை மடியில் வைத்து உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்திலும் ஒரு கோடு தடியாக, தூண் மாதிரி இருந்தது. அடுத்த கோடு தலைமுடி போல மெலிந்திருந்தது. இரண்டுக்கும் நடுத்தரமாக எதுவுமே இல்லை. தூணின் தலையிலும் காலிலும் அதே முடியளவுக் கோடு குறுக்கே ஓடியது, பாத்திரத்தை மணை மேல் வைத்த மாதிரி. வட்ட எழுத்தில் இரண்டு பக்கமும் வயிறு பருத்து, உச்சியிலும் அடியிலும் அறுந்துவிடுமோ என்கிற அளவுக்கு இளைத்திருந்தது. தூரத்தில் பார்த்தால் கர்வமான எழுத்து. பக்கத்தில் கொண்டுவந்தால், எந்த நேரமும் ஒடிந்துபோகக் கூடிய ஒன்று நிமிர்ந்து நிற்பது தெரியும். எனக்கு அது பிடித்துப்போனது.

பழைய டிராயிங் பெட்டியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மைக்கோடு போடப் பழகிய ரூலிங் பேனாவைத் துருப் போகத் தேய்த்தேன். பெட்டியில் இருந்த எழுத்துகளை முதலில் பார்த்து வரைந்தேன். பிறகு அதில் இல்லாத எழுத்துகளையும், இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நானாக வரைந்தேன். எது தடி, எது நூல் என்று கண்டுபிடிப்பதுதான் அதில் வேலை. இங்கிலீஷ் ‘ஏ’யின் இடது கால் நூல், வலது கால் தடி. மாற்றிப் போட்டால் எழுத்து நொண்டியாகிவிடும். இப்படியே ஆடி மாதம் போனது.

பாலுக்கு உறைமோர் வாங்க வந்த மதினி தரையெல்லாம் காகிதம் காய்வதைப் பார்த்துவிட்டார்.

“ஏத்தா, அச்சடிச்சதா இது?”

“இல்ல மதினி. சும்மா வரஞ்சது.”

“கையாலயா? அம்புட்டையுமா?”

உறையை மறந்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனார். சாயங்காலம் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி அதே காகிதத்தோடு வாசற்படிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். ஆண்பிள்ளை இல்லாத வீடு.

“தங்கச்சி, வடக்கே இருந்து மத்தாப்பு லேபிளுக்கு ஆர்டர் வந்திருக்கு. சாமி படம் வேண்டாங்காக. சீமைச் சாமான் மாதிரி இங்கிலீஷ்ல பட்டையா எழுத்து வேணுமாம். நம்ம ஆர்ட்டிஸ்ட்டு, லெச்சுமி சாமி படம் போடச் சொன்னா உசுரக் குடுப்பாரு. இங்கிலீஷ் எழுத்துன்னா கோணிக்கிட்டுப் போகுது. நீங்க எழுதித் தாறீகளா?”

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் அப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. சரி என்றேன்.

முதல் லேபிள் நன்றாக வந்தது. ஒரே வார்த்தை, பெரிய எழுத்து, ஒரே கறுப்பு நிறம். இரண்டாவது சங்குசக்கரப் பெட்டிக்கு. பெட்டி சின்னது, வார்த்தை நீளம். நான் அதே அளவில் நூல்கோடு போட்டு அனுப்பினேன். கணக்கப்பிள்ளை கொண்டுவந்த புரூஃபில் ‘எச்’ எழுத்தின் நடுக்கோடு காணோம். இரண்டு தூண்கள் தனித்தனியாக நின்றன. அது எழுத்தாகவே இல்லை, கதவில்லாத நிலை மாதிரி இருந்தது. ‘ஏ’க்கு இடது கால் போய்விட்டிருந்தது.

“மெஷின்காரரு கத்துறாரு தங்கச்சி. இம்புட்டு மெலிசாக் கோடு போட்டா பிளேட்டுலயே தேஞ்சு போகுமாம்.”

அந்தப் புரூஃபை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கேட்க ஆளில்லை. அச்சகம் நாலு தெரு தள்ளி இருந்தது. பொம்பளை அங்கே போய் மெஷினைப் பார்த்து நிற்க முடியாது. என் எழுத்து போகிற இடத்தை நான் பார்க்காமலே, திரும்பி வருகிற காகிதத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் யூகிக்க வேண்டியிருந்தது. கடைசியில் புரிந்தது. சின்னதாக அச்சாகும் எழுத்துக்கு நூல் கொஞ்சம் பருக்க வேண்டும். பெரிதாக அச்சாகும் எழுத்துக்குத்தான் அந்த முடியளவு மெலிவு தாங்கும். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே ஜாதி எழுத்தாகத் தெரிய வேண்டும், கையோ இரண்டையும் வேறு வேறாகப் போட வேண்டும்.

அப்படித்தான் அந்த எழுத்தின் குணம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அது கூட்டத்துக்கு ஆகாது. நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்தால் தடிக் கோடுகள் மட்டும் கம்பி வேலி மாதிரி கண்ணைக் குத்தும். சுற்றிலும் வெள்ளை விட்டுத் தனியாக வைத்தால் ராஜா. இரண்டு நிறத்தில் அடித்தால், ஒன்றின் மேல் ஒன்று இம்மி விலகினாலும் நூல் காணாமல் போகும். அதனால் அதற்கு ஒரே நிறம், அதுவும் அடர்ந்த நிறம். கல்யாணப் பத்திரிகையில் பெண் மாப்பிள்ளை பேருக்கு அது பொருந்தும். மிஷன் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா அழைப்புக்கும் ஒரு முறை கேட்டார்கள், அழகாக இருந்தது. ஆனால் பெட்டிக்குப் பின்னால் ‘எட்ட நின்று கொளுத்தவும்’ என்பதையும் இதே மாதிரி இங்கிலீஷில் எழுதச் சொன்னபோது மாட்டேன் என்றேன்.

“அது இருட்டுல படிக்கிறது அண்ணாச்சி. சின்ன வெளிச்சத்துல நூலு தெரியாது, தடி மட்டுந்தான் தெரியும். சாதா எழுத்தாப் போடுங்க” என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே போட்டார்கள்.

பிறகு தமிழிலும் கேட்டார்கள். தமிழில் ‘ப’வும் ‘ம’வும் உடனே சம்மதித்தன. ‘ப’வுக்கு இரண்டு தூண், அடியில் ஒரு நூல், முடிந்தது. ‘ண’விடம்தான் தோற்றேன். அத்தனை சுழியில் எதைத் தடியாக்குவது, எதை நூலாக்குவது? எப்படிப் போட்டாலும் வயிற்றுவலிக்காரன் மாதிரி சுருண்டது. ‘புஸ்வாணம்’ என்ற வார்த்தைக்கு நான் அழுதிருக்கிறேன், நிஜமாகவே.

இதையெல்லாம் அவருக்குத் தபாலில் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவர் எழுதும் கார்டில் ‘நலம், நலமறிய ஆவல், கார்த்திகையில் வருகிறேன்’ என்பதற்கு மேல் இருக்காது. அதற்குப் பதிலாக எழுத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் அவர் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மத்தாப்பு லேபிளை எடுத்து என் முன்னால் போட்டார்.

“இதப் பாரு. கான்பூர்ல எந்தக் கடைக்குப் போனாலும் இதத்தான் கேக்கான். நம்ம ஊரு அச்சுதான், எவன் எழுதுனான்னு தெரியல. இவனப் பிடிச்சா நம்ம கம்பெனிக்கும் எழுத வைக்கலாம்.”

“நான்தாங்க எழுதுனேன்.”

சிரித்தார். “நல்லா இருக்கே கதை.”

நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துவந்து அவர் முன்னால் உட்கார்ந்து ‘ஆர்’ எழுத்தை வரைந்தேன். தூண், மேலே வயிறு, கீழே வளைந்து நீளும் கால். அவர் மை காய்கிறவரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கையில மை ஆயிருச்சு பாரு” என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் வெளியே நின்று பீடி பற்றவைத்தார்.

கோபமில்லை என்று மட்டும் தெரிந்தது. ஏனென்றால் அடுத்த முறை வரும்போது பெட்டி நிறைய எழுத்துகள் கொண்டுவந்தார். சோப்பு உறைகள், மருந்துக் கடை நோட்டீஸ், ஏதோ நாடகக் கொட்டகை விளம்பரம். எங்கே தடியும் நூலுமாகக் கண்டாலும் கிழித்து மடித்து வைத்திருந்தார். ஒன்றொன்றாக எடுத்துத் தருவார், நான் வாங்கி வைப்பேன். “இது எங்கன கிடைச்சுது?” என்று கேட்டால், “பாட்னாவுல” என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். வீட்டில் இருக்கிற நாட்களில் அவர் பெரும்பாலும் தூங்குவார், அல்லது கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இல்லாதபோது இருந்த தனிமை எனக்குப் பழகிவிட்டிருந்தது. அவர் இருக்கும்போது இருந்த தனிமைதான் பழகவே இல்லை. பேச்சு வராத மனிதர், பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் அவரே கேட்டார். “இந்தத் தடவ நீயும் வாறியா? ஒன் லேபிளு அங்கன எப்பிடி விக்குதுன்னு பாக்கலாம்லா.”

கல்கத்தாவுக்குப் போனேன். மதராசிலிருந்து ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கிவிட்டது. ஒரு தமிழர் மெஸ்ஸின் மாடியில் அறை. மறுநாள் காலையிலேயே என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். பண்டிகைக்குக் கொஞ்ச நாளே இருந்ததால் நடைபாதையெல்லாம் பட்டாசுக் கடை. என் எழுத்து அடுக்கடுக்காக நின்றது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. பின்கட்டில் தரையில் குனிந்து போட்டது இத்தனை ஜனங்களுக்கு நடுவே நிற்பதை ஒவ்வொரு கடையாக நின்று பார்த்தேன். ஒரு கடையில் ஒரு சின்னப் பெண் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தாள். நூல்கோடு வரும் இடத்திலும் அவள் விரல் தடுமாறவில்லை.

ஆனால் அன்று நான் அதிகம் பார்த்தது எழுத்தை அல்ல, அவரை.

தெருவில் கால் வைத்ததுமே வேறு ஆளாகிவிட்டார். டீக்கடைக்காரன் கூப்பிட்டான், ரிக்ஷாக்காரன் கூப்பிட்டான். ஒவ்வொரு கடையிலும் எழுந்து வந்து தோளில் கை போட்டார்கள். அவர் இந்தியில் சளசளவென்று பேசினார். கைகளை ஆட்டிக் கதை சொன்னார். ஒரு கடையில் அவர் ஏதோ சொல்ல, பக்கத்துக் கடைக்காரர்கள் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“என்ன சொன்னீக?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. சும்மா.”

கடைக்குக் கடை என் லேபிளை எடுத்துக் காட்டி, என்னைக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் என் விரல்களைப் பார்க்க வேண்டும் என்றார் போலிருக்கிறது, இவர் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நான் அவருடைய சாம்பிள் பெட்டியில் இருக்கும் ஒரு சரக்கு மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புரியாத பாஷையில் என்னை அவர் கொண்டாடிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

வேலை முடிந்து, பண்டிகைக்கு முன்பே என்னைக் கொண்டுவந்து ஊரில் விட அவரும் கிளம்பினார். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஊர் நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நெல்லூர் தாண்டியதும் முழுக்க நின்றுவிட்டது. நான்தான் ஆரம்பித்தேன்.

“கடையில எல்லாம் என்னப் பத்தி என்ன சொன்னீக?”

“நல்லா எழுதுவா, சர்க்கார் பரீட்சையில பாஸ் பண்ணவ, இவ கையில எழுதுனதுதான் இம்புட்டும்னு சொன்னேன்.”

“அத என்கிட்ட ஒருதரம் நம்ம பாஷையில சொல்லியிருக்கலாம்ல?”

வெட்கப்பட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “அது யாவாரம். வீட்டுல என்னத்தச் சொல்ல?” என்றார். பிறகு அவராகவே பேசினார். “பேசிப் பேசி வாயி ஓஞ்சு போகுது. வீட்டுக்கு வந்தா ஒண்ணும் பேச வேண்டாம்ங்கிறதே எம்புட்டுச் சொகமா இருக்கு தெரியுமா? உனக்கு அப்பிடி இல்லயா?”

“எனக்குப் பேசவே ஆளில்லையே.”

அவர் என்னைப் பார்த்தார். அதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் சும்மா இருப்பதையும் தன்னைப் போல ஓய்வு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டி ஒரு பாலத்தில் ஏறிவிட்டது, அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாலம் முடிந்தபோது அவரும் முடித்திருந்தார். திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் தீபாவளிக்கு நிற்காமல் மறுபடி வடக்கே போன பிறகு நான் முன்கட்டுக்குப் போய்க் கணக்கப்பிள்ளை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, இனிமே நான் அச்சகத்துக்கே வந்து எழுதுறேன். ஒரு மேசையும் வெளிச்சமும் போதும்.”

அவர் தலையைச் சொறிந்தார். மதினிதான் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். “பைண்டிங்ல பொம்பளையாளுக வேல பாக்கலையா? மொதலாளிட்ட கேளுங்க, மாட்டேன்னா சொல்லுவாக?”

முதலாளி மறுக்கவில்லை. பேப்பர் கட்டுகள் அடுக்கிய மூலையில், ஜன்னல் ஓரம் ஒரு மேசை கொடுத்தார்கள். முதல் நாள் மெஷின் ஓட்டத்தில் மேசை அதிர்ந்து ஒரு நூல்கோடும் நேராக வரவில்லை. பைண்டிங் பெண்கள் என்னை டீச்சர் என்றார்கள். இல்லை என்று சொல்லியும் விடவில்லை. மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பேன். அவர்கள் பேசுகிற வீட்டு வழக்குகளில் எனக்கு இடமில்லை, பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்துவிடுவேன். ஆனாலும் சோறு தின்னும்போது எதிரே ஒரு முகம் இருந்தது. அச்சாகி வரும் என் எழுத்தை ஈரத்தோடு பார்க்கவும் முடிந்தது. எந்த இடத்தில் நூல் தேய்கிறது என்று மெஷின்காரரே கூப்பிட்டுக் காட்டுவார்.

தினசரிக் காலண்டருக்குத் தேதி எண்கள் எழுதும் வேலை அங்கேதான் வந்தது. அந்த எழுத்துக்கென்றே உண்டான வேலை. ஒரு தாளுக்கு ஓர் எண், பெரிதாக, நடுவில், சுற்றிலும் வெள்ளை. எண்களில்தான் தடியும் நூலும் சண்டை போடாமல் இருந்தன. இரண்டுக்கும் மூன்றுக்கும் தலையில் ஓர் உருண்டை, மிளகு மாதிரி. ஏழு ஒரே தடியாகச் சாய்ந்து இறங்கும். எட்டில் நூல் நடுவில் மட்டும் வந்துவிட்டுப் போகும். அந்த எண்கள் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்கின. எங்கள் வீட்டிலும் தொங்கியது. கார்த்திகை வரைக்கும் நானே எழுதிய தேதிகளைத் தினமும் நானே கிழித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச வருஷம் கழித்து அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. ரயில் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் ஆபீஸ் வேலை கொடுத்தார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் வந்தார். வடக்கே விட்டுவந்த அந்தச் சிரிக்கிற மனிதர் அவரோடு வரவில்லை. ஆனால் என்னோடு பேச முயற்சி செய்தார். அது எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர், சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

“ஏட்டி, இந்த அஞ்சுக்கு மட்டும் மேல கொடி மாதிரி இழுத்து விட்டுருக்கியே, அது எதுக்கு?”

என் எழுத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. நான் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஐந்துக்கு வயிறு கீழே பெரிது, அதனால் மேலே எடை இல்லாவிட்டால் முன்னால் கவிழ்ந்துவிடும், அதற்காகத்தான் அந்தக் கோட்டை நூலாக ஆரம்பித்து நுனியில் மட்டும் பருக்க வைத்தேன் என்று சொன்னேன். முதலில் நேர்கோடாகப் போட்டு எப்படிக் கெட்டுப்போனது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் இருந்தது. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, மூச்சு இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார்.

மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.